துருப்பிடித்த போல்ட் தந்த சங்கீதம்

ஒரு பையன் தெருவில் நடந்து போகிறான். கையில் ஒரு பழைய கிட்டார். வழியில் ஏதோ கிடக்கிறது. குனிந்து எடுக்கிறான். அது ஒரு துருப்பிடித்த போல்ட்.

நாமாக இருந்தால் தூர எறிந்துவிட்டுப் போயிருப்போம். பழைய இரும்புக்காரர்கூட அதற்குக் காலணா தரமாட்டார்.

ஆனால், பையன் அதை எடுக்கும்போது போல்ட் கிட்டார் கம்பியில் பட்டுவிட்டது. கம்பியிலிருந்து ஒரு புது நாதம் எழுந்தது. கிட்டாரில் அதுவரை அவன் கேட்டறியாத நாதம். மனிதன் பாடுவதுபோல, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் நாதம்.

பையன் அங்கேயே நின்றுவிட்டான்.

அந்தப் பையன்தான் ஜோசப் கெகூகு. ஹவாய்த் தீவுக்காரர். மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டை உருட்டி வாசிக்கிறார்களே ஹவாயன் கிட்டார், அந்த வாசிப்பை உலகத்துக்குக் கொடுத்தவர். பழைய சினிமாப் பாட்டுகளில் இழுத்து இழுத்துக் குழையும் கிட்டார் ஓசையை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். அதற்குப் பின்னால் இருப்பவர் இவர்தான்.

கடல் நடுவே ஒரு கிராமம்

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருப்பவை ஹவாய்த் தீவுகள். அவற்றில் ஒன்று ஓவாஹு. தலைநகரான ஹோனலூலு இந்தத் தீவில்தான் இருக்கிறது. தீவின் மறுபுறத்தில் கடலோரமாக லாயியே என்று ஒரு கிராமம். கெகூகு பிறந்தது அங்கே. 1874-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ந் தேதி.

அவருடைய முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அவ்வளவு நீளம்! கெகூகு என்பது அதன் தலைப்பகுதி மட்டும்தான். வெளிநாட்டு மேடைகளில் அந்தத் துண்டுப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஹவாய் தனி நாடு. அதற்கு ராஜா உண்டு. அரண்மனை உண்டு. ராஜ குடும்பத்தார் சங்கீதத்தில் பிரியம் உள்ளவர்கள். அவர்களே பாட்டு எழுதுவார்கள், மெட்டு அமைப்பார்கள்.

ஆனால், கிட்டார் ஹவாய் நாட்டு வாத்தியம் அல்ல. அது வந்த கதை வேடிக்கையானது. மாடு மேய்க்க வந்தவர்கள் கொண்டுவந்த வாத்தியம் அது!

1793-ம் ஆண்டில் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் ராஜாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக்கூடாது என்று தடை போடப்பட்டது. மாடுகள் காட்டில் பெருகின. பயிரை அழித்தன. மனிதரை முட்டின. அடக்க ஆள் இல்லை. 1830-களில் மெக்சிகோ பக்கத்திலிருந்து குதிரை ஏறி மாடு பிடிக்கும் ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது.

ஹவாய் மக்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பிருடைகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார்கள். விரலால் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே எல்லாக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று இசைந்து ஒலிக்கும்படி செய்தார்கள். பின்னால் கெகூகுவின் கையில் இரும்பு வந்தபோது கிட்டார் அதற்குத் தயாராக இருந்ததற்கு இதுவே காரணம். கம்பிகள் இசைவாக இருந்தால்தான், நேரான இரும்பு ஒன்றை எல்லாக் கம்பிகளின் மேலும் குறுக்கே வைத்து நகர்த்தும்போது இனிமை கெடாமல் இருக்கும். இல்லாவிட்டால் காது கூசும்.

பேனாக்கத்தி, சீப்பு

லாயியே கிராமத்தில் கெகூகுவுக்கு ஒரு உறவுக்காரப் பையன் இருந்தான். அவன் பெயர் சாம் நைனோவா. அவன் பிடில் வாசிப்பான். பிடிலில் வில்லை இழுத்து, விரலை நகர்த்தினால் ஓசை அறுபடாமல் நீளும். கெகூகுவின் கிட்டாரில் அது முடியாது. மீட்டினால் டங் என்று ஒரு ஓசை, அவ்வளவுதான். கழுத்தில் வரிசையாக மெட்டுகள் இருப்பதால் ஸ்வரங்கள் படி ஏறுவதுபோல ஒவ்வொன்றாகத்தான் போகும். பிடில் மாதிரி கிட்டாரும் வழுக்கிப் பாடாதா என்ற ஆசை அவருக்கு இருந்தது என்று சொல்வார்கள்.

அப்படி ஏங்கியவருக்குத்தான் போல்ட் கிடைத்தது.

கிடைத்த இடம் எது என்பதில் இரண்டு கதைகள் உண்டு. தெருவில் கிடைத்தது என்பது ஒன்று. ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடைத்தது என்பது இன்னொன்று. ரயில் கதைதான் அதிகம் பரவியிருக்கிறது. அதில் ஒரு சிக்கல். ஓவாஹு தீவின் பெரிய ரயில் பாதை 1889-ம் ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. கெகூகு 11 வயதிலேயே, அதாவது 1885 வாக்கிலேயே இதைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள் சிலர். அப்படியானால் ரயில் எங்கிருந்து வந்தது? எனக்கு என்னவோ தெருக் கதைதான் பொருத்தமாகப் படுகிறது.

அது எப்படியோ போகட்டும். நான் மெச்சுவது போல்ட் கிடைத்ததை அல்ல. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான்.

போல்ட்டில் மரை இருக்கிறது. துரு வேறு. கம்பியில் உரசினால் நாதத்தோடு கரகரப்பும் சேர்ந்து வரும். அதனால் அவர் அதை வைத்துவிட்டு, வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினார்.

முதலில் பேனாக்கத்தி. அதன் முதுகு வழவழப்பானது. கரகரப்பு குறைந்தது. ஆனால், கத்தி எடை இல்லாதது. அழுத்தம் போதாவிட்டால் கம்பி அதிர்ந்து இரையும். 

அடுத்தது சீப்பு. மரச் சீப்பு அல்ல, எஃகுச் சீப்பு. அதன் முதுகு நீளமானது. எல்லாக் கம்பிகளையும் ஒரே சமயத்தில் தொடும். இது கத்தியைவிட மேல். ஆனாலும், பல் பல்லாக இருக்கும் பக்கத்தை எவ்வளவு நேரம் விரலில் பிடித்துக்கொண்டிருப்பது?

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்ததில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. கைக்கு வேண்டிய பொருள் கடினமாக இருக்கவேண்டும். வழவழப்பாக இருக்கவேண்டும். கனமாகவும் இருக்கவேண்டும். விரல் நோகாமல் பிடிக்கும்படியும் இருக்கவேண்டும்.

இந்த நான்கும் சேர்ந்த பொருள் எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே, அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பட்டறை

ஹோனலூலுவில் கமேகமேகா பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு. ராஜ வம்சத்தைச் சேர்ந்த பெர்னிஸ் பவாகி பிஷப் என்ற அம்மையார் தம் சொத்தை ஹவாய்க் குழந்தைகளின் படிப்புக்கு எழுதிவைத்துவிட்டு 1884-ல் காலமானார். அந்தச் சொத்திலிருந்து 1887-ல் தொடங்கப்பட்ட பள்ளிக்கூடம் அது. அங்கே ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். இரும்பு வேலைக்குப் பட்டறை இருந்தது.

கெகூகுவும் அங்கே சேர்ந்தார். அந்தப் பட்டறையில்தான் அவருடைய கைக்கு ஏற்ற உருக்குத் துண்டு உருவானது. விரல் நீளம். பளபளவென்று தேய்த்து மெருகேற்றியது. இன்றும் ஹவாயன் கிட்டார் வாசிப்பவர்கள் பிடித்திருப்பது ஏறக்குறைய அதே மாதிரியான துண்டுதான்.

துண்டு சரியாகிவிட்டது. இப்போது கிட்டார் தகராறு செய்தது! கம்பிகள் கழுத்தை ஒட்டித் தாழ்வாக இருந்தன. உருக்கை வைத்தால் அது மெட்டுகளில் போய் இடித்தது. ஆகவே, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிந்திருக்கும் சிறு கட்டையை உயர்த்தினார். கம்பிகள் தூக்கி நின்றன. மெட்டுகளுக்கு இனி வேலை இல்லை. அவை வெறும் அடையாளக் கோடுகள் ஆகிவிட்டன. அந்த நாளில் கிட்டாருக்கு ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு போடுவார்கள். உருக்குத் துண்டுக்கு நரம்பு ஒத்துவராது. உலோகக் கம்பி போட்டார்கள். ஓசை கணீர் என்று வந்தது.

கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு இதை வாசிக்க முடியாது. மடியில் மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும். இடது கையில் உருக்கு, வலது கை மீட்டும். வாத்தியமே புது வாத்தியம் ஆகிவிட்டது.

அவர் ஒருவர்தானா?

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்லாமல் போவது நியாயம் அல்ல. கிட்டாரில் இரும்பை வைத்து வாசித்தவர் கெகூகுவுக்கு முன்பே இருந்தார் என்று வாதிடுவோர் உண்டு. ஜேம்ஸ் ஹோவா என்பவர் பெயரைச் சிலர் சொல்கிறார்கள். கேப்ரியல் டேவியன் என்பவர் பெயரைச் சிலர் சொல்கிறார்கள்.

டேவியன் யார் தெரியுமா? இந்தியாவில் பிறந்தவர்! சிறு வயதில் ஒரு கப்பல் தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவும், கடைசியில் ஹோனலூலுவில் வந்து சேர்ந்ததாகவும் கதை. 1880-களில் அவர் ஒரு கம்பியில் இரும்பை நகர்த்தி வாசித்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இது நமக்கு அதிசயமாகத் தோன்றாது. கம்பியில் ஒரு பொருளை வழுக்கவிட்டு வாசிப்பது நம் நாட்டில் பழகிய வித்தை. வடக்கே விசித்திர வீணை இருக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டு வாத்தியம் இருக்கிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பெரிய வித்வான். கட்டை ஒன்றைக் கம்பிகளின்மேல் ஓடவிட்டு வாசிக்கும் வாத்தியம் அது. மெட்டே கிடையாது. இன்று அதைச் சித்திர வீணை என்றும் சொல்கிறார்கள். கெகூகு இவற்றைப் பார்த்தவர் அல்ல. டேவியன் இந்தியாவில் பார்த்துவிட்டுப் போய் ஹவாயில் செய்து காட்டினாரா என்பதற்கும் ருசு இல்லை.

ஆக, முதலில் கம்பியைத் தொட்டது யார் கை என்று தீர்ப்புச் சொல்வது கஷ்டம். ஆனால், ஒன்று நிச்சயம். மற்றவர்கள் விளையாட்டாகச் செய்ததைக் கெகூகு வித்தையாக ஆக்கினார். கருவி செய்தார். முறை வகுத்தார். கேட்டவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துத் தோழர்கள் கற்றார்கள். தீவு முழுவதும் பரவியது.

நாடு போயிற்று

கெகூகு வாலிபராக வளர்ந்த வருஷங்கள் ஹவாய்க்குக் கெட்ட காலம். கரும்புத் தோட்ட முதலாளிகளும் வெளிநாட்டு வியாபாரிகளும் கை ஓங்கியிருந்தார்கள். 1893-ல் லிலியுவோகலானி ராணியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். 1895-ல் அவரை அவருடைய அரண்மனையிலேயே ஒரு அறையில் சிறை வைத்தார்கள். 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பாடமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது.

ராஜ்யமும் போய், பள்ளிக்கூடத்தில் தாய்மொழியும் போனபிறகு, அந்த மக்களிடம் மீந்திருந்தவற்றில் பெரியது பாட்டு. அதை எடுத்துக்கொண்டு ஹவாய் வித்வான்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார்கள்.

1904-ம் ஆண்டில் கெகூகுவும் ஏறினார். வயது 30-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஓவாஹு கரையை விட்டவர், பிறகு அந்த மண்ணை மிதிக்கவே இல்லை.

அமெரிக்காவில் கூட்டம்

அமெரிக்காவில் அப்போது பலவகை நிகழ்ச்சி நடத்தும் நாடகக் கொட்டகைகள் ஊருக்கு ஊர் இருந்தன. ஒரே மேடையில் கோமாளி வருவான், செப்படி வித்தைக்காரன் வருவான், பாட்டுக்காரரும் வருவார். அத்தகைய மேடைகளில் கெகூகு வாசித்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றினார். அவர் பெயரிலேயே ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இருந்தது.

மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து ஒரு மனிதர் இரும்பால் பாடவைக்கிறார் என்றால் கூட்டம் வராமல் இருக்குமா? வாசித்து முடித்ததும் ஜனங்கள் மேடைக்கு வந்து அந்தத் துண்டை வாங்கிப் பார்க்க ஆசைப்படும் காலம் அது. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அவர் ஊர் ஊராகப் பாடம் சொன்னார்.

1915-ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. ஹவாய்ச் சங்கீதத்துக்கு அங்கே ஏகப்பட்ட கூட்டம். 1916-ல் அமெரிக்காவில் ஹவாய்ப் பாட்டு இசைத்தட்டுகள் சக்கைப்போடு போட்டன. ஹவாய் நாட்டையே பார்க்காதவர்கள் ஹவாய்ப் பாட்டு எழுதத் தொடங்கினார்கள்! அந்தப் பாட்டுகளில் பாதிக்கு அர்த்தமே கிடையாது.

பணம் இல்லாதவர்கள் இந்த வித்தையைத் தங்கள் வழியில் செய்தார்கள். அமெரிக்காவின் தென் பகுதியில் இருந்த நீக்ரோ மக்கள் பரம ஏழைகள். (கறுப்பு அமெரிக்கர் என்று இன்று சொல்கிறோம்.) அவர்கள் சமையல் கத்தியின் முதுகால் வாசித்தார்கள். புட்டியின் கழுத்தை உடைத்து, முனையைத் தேய்த்து, விரலில் மோதிரம்போல மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் கந்தல் உடுத்த ஒருவர் கத்தியால் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுத் திகைத்துப்போனதாக டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைமேதை எழுதிவைத்திருக்கிறார். கெகூகு ஹவாயை விட்டுப் புறப்படும் முன்பே நடந்தது இது. ஆகவே, கெகூகுவைப் பார்த்துத்தான் இவர்கள் கற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்க வழியிலும் இப்படி ஒரு வித்தை உண்டு. இரண்டும் பின்னால் ஒன்றோடு ஒன்று கலந்தன. வெகு காலம் கழித்து, 1968-ல், டுவேன் ஆல்மன் என்ற வாலிபர் ஜலதோஷ மாத்திரை தீர்ந்துபோன கண்ணாடிப் புட்டியை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்துப் பெரும்புகழ் பெற்றார்.

எட்டு ஆண்டு ஐரோப்பா

சொர்க்கப் பறவை என்று பொருள்படும் பெயரில் ஒரு நாடகம். 1912-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஹவாய் ராஜகுமாரி ஒருத்தி வெள்ளைக்கார வாலிபனைக் காதலித்து, கடைசியில் எரிமலையில் விழுந்து சாகிற கதை. கதை எப்படியோ, அதில் வரும் ஹவாய்ச் சங்கீதத்துக்காகவே ஜனங்கள் வந்தார்கள்.

1919-ல் அந்த நாடகத்தோடு கெகூகு ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் ஆரம்பித்து எட்டு ஆண்டுகள் சுற்றினார். முதல் உலக யுத்தம் முடிந்த சமயம். வீட்டுக்கு வீடு இழவு விழுந்திருந்த நாடுகள் அவை. அங்கே அந்தத் தீவு நாதத்துக்கு மயங்காதவர் இல்லை.

திரும்பி வந்தபோது வயது 53. சிகாகோ நகரத்தில் சங்கீதப் பள்ளி வைத்தார். மாணவர்கள் நிறையச் சேர்ந்தார்கள். பிறகு நியூ ஜெர்சி மாகாணத்தில் டோவர் என்ற ஊரில் மனைவியோடு குடியேறினார். அங்கும் பாடம் சொல்வதை விடவில்லை.

1932-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிர் பிரிந்தது. வயது 57. கடல் ஓசை கேட்கும் லாயியேயில் பிறந்தவரை டோவரில் அடக்கம் செய்தார்கள்.

வாணலிக் கிட்டார்

அவர் இறந்த அதே 1932-ல் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு புதிய கிட்டார் வந்தது. மின்சாரக் கிட்டார்! ரிக்கன்பேக்கர் கம்பெனியார் செய்தது. அலுமினியத்தில் வார்த்தது. வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் ஜனங்கள் அதற்கு வாணலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 

விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கிட்டார்களில் ஒன்றான இது எந்த வாசிப்புக்காகச் செய்யப்பட்டது? மடியில் படுக்கவைத்து, உருக்குத் துண்டால் வாசிப்பதற்காக! ஹவாய் வாசிப்புக்கு ஓசை போதவில்லை, கூட்டத்தில் கேட்கவில்லை என்ற குறையைப் போக்கவே மின்சாரம் சேர்த்தார்கள். 

லாயியேயிலிருந்து கல்கத்தாவுக்கு

கெகூகு பிறந்த அதே லாயியேயில் வளர்ந்தவர் டௌ மோ. பிறந்தது சமோவாத் தீவில். இவரும் மனைவி ரோஸும் குழந்தைகளுமாகக் குடும்பத்தோடு உலகம் சுற்றி வாசித்தார்கள். 1940-களில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்கத்தாவில் தங்கிவிட்டார்கள். ஹோட்டல்களில் கச்சேரி செய்தார்கள். ஆசைப்பட்டவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டு வாத்தியம்போல ஆகிவிட்டது. அதில் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டுகளை வாசித்தார்கள்.

பம்பாயில் வான் ஷிப்லி இந்தி சினிமாப் பாட்டுகளை மின்சார ஹவாயன் கிட்டாரில் வாசித்து இசைத்தட்டுகள் கொடுத்தார். ராஜஸ்தானத்துக்காரரான பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களையே வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் கூடுதலாகக் கம்பிகளைக் கட்டி மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-ல் அமெரிக்காவின் கிராமி பரிசு அவருக்குக் கிடைத்தது.

கெகூகுவின் பெயரை அமெரிக்காவில் உள்ள உருக்குக் கிட்டார் கலைஞர்களின் புகழ் மண்டபத்தில் 1993-ல் சேர்த்தார்கள். 2015-ல் லாயியேயில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1904-ல் கப்பல் ஏறிப் போனவர் ஊர் திரும்ப 111 ஆண்டுகள் ஆயின.